சுவரில் எழுதிய சேதி

புளியம்பொக்கணை நாகதம்பிரான் துணை

கண்டாவளை,
ஐப்பசி 20

அன்பு மகள் தர்மிளாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், நீயும் மருமகன் யோகலிங்கமும் பிள்ளைகளும் அந்தக் குளிர் நாட்டில் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன். இந்த எழுத்தைப் பார்த்து யார் எழுதிக் கொடுத்தது என்று யோசிப்பாய். யாரும் இல்லை பிள்ளை, நான்தான். தை மாதத்திலிருந்து பொதுநோக்கு மண்டபத்தில் வினோஜா ரீச்சர் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்புக்குப் போகிறேன். எழுபத்திரண்டு வயதில் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார், அடுத்ததாகப் பொம்பிளை பார்க்கச் சொல்லுவார் என்று அம்மா ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தார். இப்போது பஸ்ஸின் பலகையை நானே வாசித்து ஏறுகிறேன், கிளிநொச்சியில் இறங்கி ஒருவரையும் ஒன்றும் கேட்பதில்லை. ஒரு பக்கம் எழுத அரை நாள் பிடிக்கிறது, அதனால் இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதுகிறேன்.

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உன் அண்ணா சிவகரனின் பேச்சு எடுத்தால் அம்மா போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார், உனக்குத் தெரியும். போன கார்த்திகையில் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது, கொஞ்சச் சாமான் போனது என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். முழுவதையும் சொல்லவில்லை. குளம் நிரம்பிவிட்டது, எல்லோரும் பாடசாலைக்குப் போங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அம்மா பதறவில்லை, இடம்பெயர்ந்து பழகியவர்தானே. காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், சிவகரனின் படம் எல்லாவற்றையும் சொப்பிங் பையில் சுற்றி, தண்ணீர் பிடித்து வைக்கும் நீலப் பிளாஸ்ரிக் பரலுக்குள் போட்டு இறுக்கி மூடி, முற்றத்துத் தென்னைக்குக் கீழே புதைக்கச் சொன்னார். சண்டைக்குப் பயந்து ஓடும்போதும் அப்படித்தான் புதைத்துவிட்டுப் போனோம், முகாமிலிருந்து திரும்பி வந்து கிண்டியபோது ஒரு மூலைகூட மடங்காமல் இருந்ததை நீயும் பார்த்தாய். கிடங்கு வெட்டியது நான்தான். வரப்போவது ஷெல் அல்ல, தண்ணீர் என்று இத்தனை வருடம் வயல் செய்த எனக்கும் யோசனை வரவில்லை. நாலாம் நாள் வந்து கிண்டினால் பரல் நிறையச் சேறு. பத்திரங்களை அரசாங்கக் கச்சேரிக்கு அலைந்து மறுபடி எடுத்துவிட்டோம். படத்தை அம்மா சீலைத் தலைப்பால் ஒற்றினார், பிறகு விரலால் துடைத்தார், முகம் விரலோடு வந்துவிட்டது. அவர் அழவில்லை. பின்னேரம் வரை அந்தக் கையைக் கழுவாமல் இருந்தார்.

இந்த வருடமும் மழை கூடுதலாக வரும் என்கிறார்கள். கிராம சேவகர் கூட்டம் வைத்து ஆளுக்கொரு துண்டு தந்தார், அதை நானே வாசித்தேன். அதில் இருந்தபடி மருந்து, ரோச் லைற், உடுப்பு, பிஸ்கட், பத்திரங்களின் பிரதி எல்லாம் ஒரு பையில் கட்டிக் கூரை வளையில் தொங்கவிட்டேன். அம்மாவுக்கும் ஒரு பை கொடுத்தேன், அதைத் தொடவில்லை. கடைசியில் ஒரு நாள் சொன்னார், "நீங்கள் போங்கோ, நான் வரேல்லை. படமும் போயிட்டுது. வீட்டையும் விட்டிட்டுப் போனால் பிள்ளை வந்து எங்களை எங்கை தேடுறது?" சன்னல் வரை தண்ணீர் ஏறிய வீடு இது, அவருக்கு முழங்கால் மடங்காது, தூக்கிக்கொண்டு போக எனக்கும் பெலன் இல்லை. சண்டைக்குள் ஓடும்போது சனத்துக்குள் எங்கள் கையை விட்டுப் போனவன் பதினாறு வருடமாக வரவில்லை, இனி வருவானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனைத் தேடி எத்தனை கந்தோரில் எத்தனை படிவத்துக்குப் பெருவிரல் வைத்தேன், அதில் எல்லாம் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது.

முந்தநாள் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்றை எடுத்து, வாசல் சுவரில் எழுதினேன். சிவகரன், வெள்ளம் வந்தால் நாங்கள் பாடசாலையில் இருப்போம், அங்கே வா, அப்பா அம்மா. அவன் பெயரை என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. அம்மா வந்து என்ன என்று கேட்டார், வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு உள்ளே போய்க் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, "தண்ணி நிண்ட அடையாளத்துக்கு மேலை எழுதுங்கோ. அவன் உயரம்தானே, தெரியும்" என்றார். நான் ஏறி எழுதி முடியும் வரை கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேற்று பார்க்கிறேன், என் பைக்குப் பக்கத்தில் அவருடைய பையும் தொங்குகிறது.

உன் அல்பத்தில் அண்ணா வெள்ளைச் சேர்ட்டோடு பள்ளிக்கூடத்தில் எடுத்த படம் இருக்க வேண்டும். அதில் ஒரு பிரதி தபாலில் அனுப்பு, மறந்துவிடாதே. மூலப்படம் உன்னிடமே இருக்கட்டும், இங்கே அதை வைக்க மேடான இடம் இல்லை. பனி கொட்டும் நாளில் மருமகனை மெதுவாகக் கார் ஓட்டச் சொல். பதிலைக் கடிதமாகவே போடு, அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டுவேன். நாகதம்பிரான் உங்களைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கட்டும்.

காலையிலிருந்து மழை. இரண்டு தடவை வெளியே போய்ப் பார்த்தேன், எழுத்து கரையவில்லை.

தன் கையாலேயே ஒப்பம் வைக்கும் உன் அப்பா,
க. ராஜரத்தினம்