தேர்வு நாளில் கறுத்த பத்துத் திரைகள்

அக்கா,

இன்று காலை ஆய்வகத்தில் ஒரு கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். திரை முழுக்கக் கறுப்பு. மேலே இடது மூலையில் சின்ன வெள்ளைக் கோடு ஒன்று விட்டு விட்டு மினுங்கியது. சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் கை கீபோர்டுக்குப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். காதுக்குள் உங்கள் குரல்தான் கேட்டது.

"ஏட்டி, பத்தும் கருப்பா கெடக்கு."

சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் நீங்கள் தையல் டீச்சர், நான் கம்ப்யூட்டர் டீச்சர். ஆசிரியர் அறையில் ஒரே மேசை. கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டீர்கள். "தொட்டா ஷாக் அடிக்கும்ட்டி" என்று சிரிப்பீர்கள். பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம், எல்லாம் புதுசாக இருக்கட்டும் என்று பத்து லினக்ஸ் கம்ப்யூட்டர்களிலும் நான் அப்டேட் போட்டேன். ஒரு தடவை அணைத்து, திரும்ப ஆன் செய்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று ஓடினேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் நீங்கள் குடியிருந்ததால் உங்களிடம் ஆய்வகச் சாவியைக் கொடுத்து, "காலைல ஒம்பது மணிக்குத் திறந்து எல்லாத்தையும் ஆன் பண்ணி மட்டும் வைங்கக்கா" என்றேன். வேறெதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டீர்கள்.

மறுநாள் நான் வந்த பஸ் கரிவலம்வந்தநல்லூரில் பஞ்சராகி நின்றது. அப்போதுதான் உங்கள் போன் வந்தது. பத்து மணிக்குத் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் கிளம்பிவிட்டார். என் போனில் சார்ஜ் அடியில் கிடந்தது.

"அக்கா, பதறாதீங்க. கண்ட்ரோல், ஆல்ட் ரெண்டையும் அமுக்கிக்கிட்டே, மேல் வரிசைல எஃப் மூணுன்னு இருக்கும் பாருங்க, அதைத் தட்டுங்க."

"எழுத்தா வருது."

என் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். "எழுத்தே விழலையேட்டி" என்றீர்கள். பாஸ்வேர்டு அடித்தால் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு அடியுங்கள் என்றேன். மூன்றாவது முறைதான் உள்ளே போனீர்கள். பிழைகள் பதிவாகும் கோப்பைத் திறக்க வைத்து, கடைசி வரிகளை வாசிக்கச் சொன்னேன். ஊசியில் நூல் கோப்பதைப் போல, ஒரு எழுத்தையும் தவறவிடாமல் சொன்னீர்கள். என், ஓ. எஸ், சி, ஆர், இ, இ, என், எஸ்.

திரை எதுவும் கிடைக்கவில்லை என்கிறது கம்ப்யூட்டர். போன வருஷம் பழைய மானிட்டர்களுக்காக நானே கையால் ஓர் அமைப்புக் கோப்பு எழுதி வைத்திருந்தேன். அதில் பெயர் சொல்லியிருந்த, திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளை அப்டேட் நீக்கிவிட்டது. இல்லாத ஒன்றைத் தேடி பத்து கம்ப்யூட்டரும் நிற்கின்றன. அந்தக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டால் போதும், அதுவே தன் திரையைக் கண்டுகொள்ளும்.

அப்போது நீங்கள் கேட்டீர்கள், "ஏட்டி, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"கொஞ்சம் இருங்கக்கா."

பெயரை மாற்றும் கட்டளையைச் சொன்னேன். அப்படி ஒரு கோப்பே இல்லை என்று வந்தது. மறுபடி சொன்னேன். மறுபடி இல்லை. கண்டக்டர் ஜாக்கியைத் தேடிக்கொண்டிருந்தார், வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"நேரமாவுதேட்டி..."

"முப்பது பிள்ளைங்க மார்க்குக்கா! உங்களுக்கு என்ன அவசரம்?"

கத்திவிட்டேன். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, "சரி, சரி. சொல்லு" என்றீர்கள்.

அப்புறம்தான் உறைத்தது, கட்டளையில் ஓர் எக்ஸ் பெரிய எழுத்தாக வர வேண்டும். "அக்கா, எக்ஸ் பெரிய எழுத்தா அடிச்சீங்களா, சின்னதா?"

"சின்னதுதான். எல்லாம் ஒண்ணுதானே?"

"இதுக்கு ஒண்ணு இல்லக்கா. பெருசு போடுங்க."

இந்தத் தடவை கட்டளை ஏறியது. அணைத்து ஆன் செய்யச் சொன்னேன். திரும்ப ஆன் ஆக ஒரு நிமிடம்.

"ஏட்டி! படம் வருது! மலை படம்!"

"இதே மாதிரி மத்த ஒம்பதுலயும்..." என்று நான் ஆரம்பிக்கும்போதே போன் அணைந்துவிட்டது.

நான் ஆய்வகத்துக்குள் ஓடி வந்தபோது பத்து மணி தாண்டியிருந்தது. தேர்வாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பத்துத் திரையிலும் மலை. தையல் நோட்டின் நடுப்பக்கத்தில், நான் சொன்ன ஒவ்வொரு எழுத்தையும் எழுதி, பெரிய எக்ஸைச் சுற்றி மூன்று வட்டம் போட்டிருந்தீர்கள். கழுத்தெல்லாம் வேர்வை. தோளில் மாட்டிய கைப்பையைக் கூடக் கழற்றவில்லை. "இந்தா சாவி. நான் இன்னைக்கு லீவு, வீட்டுக்குப் போறேன்" என்றீர்கள். உங்கள் கையைக்கூட நான் பிடிக்கவில்லை. கேள்வித்தாளைப் பிரிக்க ஓடினேன்.

மூன்று மாதம் கழித்துத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் பக்கம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஃபைலில் ஒரு பழைய ஸ்கேன் சீட்டு இருந்தது. தேதியைப் பார்த்தேன். தேர்வு நாள். அந்த ஸ்கேனுக்கு நீங்கள் திருநெல்வேலிக்குப் போயிருக்க வேண்டியது ஒன்பது இருபது பஸ்ஸில். அந்தத் தேதியைப் பேனாவால் அடித்து, கீழே ஒரு மாதம் தள்ளி வேறு தேதி எழுதியிருந்தது.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ போகச் சொல்லியிருப்பே. அப்புறம் அந்தப் பிள்ளைகளுக்கு யாரு இருக்கா?" ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். "ஒரு மாசத்துல ஒண்ணும் மாறியிருக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அழாதே."

டாக்டர் அப்படிச் சொன்னாரா, எனக்காக நீங்கள் சொன்னீர்களா? அவரிடம் போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் கண்ணை மூடி இத்தனை நாளாகியும் அந்தத் தைரியம் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லாரும் பாஸ். அதில் இரண்டு பேர் இன்று வேலையில் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை நான் சொன்னதில்லை.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. போன மாதம் மார்க் ஏற்றும் வேலைக்குக் கணக்கு டீச்சரைக் கூப்பிட்டேன். அவள் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் தோளிலிருந்து கழற்றாத கைப்பையை நான் பார்த்தேன்.

"இன்னைக்கு உனக்கு எங்கயும் போகணுமா?"

"அதெல்லாம் பரவாயில்ல டீச்சர்."

"பரவாயில்லையான்னு கேக்கல. போகணுமா?"

அவள் தயங்கினாள். "அம்மாவைக் கண் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகணும். நாளைக்குக்கூடப் போய்க்கிடலாம்..."

"எந்திரி" என்றேன். வாசல் வரை கூடவே போய், அவள் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.