இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொன்ன சனிக்கிழமை

மச்சான்,

இடது கண்ணில் இருந்த புரையைப் போன மாதம் எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை மறைப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் ஒரு சுற்று வந்தேன். இளமஞ்சள் என்று நான் இத்தனை நாளும் நினைத்திருந்த சுவர் நல்ல வெள்ளை. குசினித் தரையைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. மனைவி மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று ரொறன்ரோவுக்குப் போய் ஆறு மாதமாகிறது. அவள் இந்தத் தரையைக் கண்டிருந்தால் கண்ணைத் திரும்பவும் மூடிக்கொள்ளச் சொல்லியிருப்பாள்.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் உங்களை வீட்டுக்குக் கூட்டிச் செல்பவர் யார் என்று ஒரு கேள்வி இருந்தது. என் கை தன்பாட்டில் உன் தொலைபேசி இலக்கத்தை எழுதத் தொடங்கிவிட்டது. பாதி எழுதிய பிறகுதான் நினைவு வந்தது. வெட்டிவிட்டு மகனின் இலக்கத்தை எழுதினேன். அவன் மான்செஸ்டரில் வேலை விட்டு வர முடியாதவன். கடைசியில் ஒரு டாக்ஸிக்காரர்தான் கொண்டுவந்து இறக்கினார். படியில் கால் வைக்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார், நல்ல மனிதர்.

புதுக் கண்ணைச் சோதிக்க வேண்டுமே. மருந்துப் போத்தலின் பொடி எழுத்தை வாசித்தேன், பால் பெட்டியின் திகதியை வாசித்தேன். பிறகு இறாக்கையிலிருந்து ஒரு சீடியை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தேன். நடு ஓட்டையைச் சுற்றி இருக்கும் வளையத்தில் எறும்பு அளவில் எழுத்துகள் வெட்டியிருக்கும் அல்லவா, அவற்றைப் பூதக்கண்ணாடி இல்லாமலே வாசித்தேன். சந்தோசத்தில் அடுத்ததையும் எடுத்தேன். அதற்கடுத்ததையும் எடுத்தேன். அப்படியே எடுத்துக்கொண்டு போனபோதுதான் நீல நாற்காலிப் படம் போட்ட அந்த ஆல்பம் கையில் வந்தது. இரண்டு பிரதிகள், பக்கத்தில் பக்கத்தில். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எழுதாமல் இருக்கத்தான் மூன்று வாரமாகப் பார்த்தேன்.

கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் மளிகைக் கடைக்கு மேலே நாம் இருவரும் ஒரே அறையில் இருந்த காலம் உனக்கு மறந்திருக்காது. நீ மன்னாரிலிருந்து வந்து தபால் பிரிக்கும் இடத்தில் நின்றாய். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பெற்றோல் செட்டில் நின்றேன். ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரே வாரத்தில் ஒரே இங்கிலிஷ் பாட்டு ஆல்பத்தை, இதை இல்லை, வேறொன்றை, இரண்டு பேரும் வாங்கிக்கொண்டு வந்தோம். ஒன்றைத் திருப்பிக் கொடுப்போம் என்றேன் நான். நீ இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டுவிட்டு, இரண்டும் ஒன்றில்லை என்றாய். உனக்கு விசர் என்று விழுந்து விழுந்து சிரித்தேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஒன்று ஜெர்மனியில் அச்சான தட்டு, மற்றது இங்கே அச்சானது. ஒரே பாட்டு, ஒரே பாடகி. ஆனால் ஒன்றில் சத்தத்தைத் தூக்கி எல்லாவற்றையும் நெருக்கியிருந்தார்கள், மற்றதில் மேளத்துக்கும் குரலுக்கும் இடையில் காற்றோட்டம் இருந்தது. மூன்றாம் தரம் கேட்டபோது எனக்கும் அது கேட்டது. கேட்டது என்று உன்னிடம் ஒத்துக்கொள்ள இன்னும் இரண்டு நாள் எடுத்தேன்.

அதிலிருந்து நமக்குப் பிடித்த பைத்தியம் அது. கலியாணம் முடித்து நீ லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரிலும் நான் மேற்கே ரெய்னர்ஸ் லேனிலுமாகப் பிரிந்த பிறகும் சனிக்கிழமை தவறியதில்லை. ஒரு கிழமை நீ இங்கே வருவாய், மறு கிழமை நான் அங்கே வருவேன். பிளாஸ்டிக் பையில் சீடி, ஒரு பூதக்கண்ணாடி, உன் மனைவி கட்டித் தந்த, மீன் அடைத்த மாலுபான். கேட்பவன் யன்னலைப் பார்த்துக் கதிரையில் இருக்க வேண்டும். மற்றவன் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டை மாற்றுவான். எது எந்த நாட்டு அச்சு என்று கேட்பவன் சொல்ல வேண்டும். சத்தம் கூடிய தட்டு காதை ஏமாற்றும் என்பதால், ஒவ்வொரு தட்டுக்கும் ஒலியை எவ்வளவில் வைக்க வேண்டும் என்று திருகும் குமிழைச் சுற்றி என் மனைவியின் ஒட்டுப்பொட்டுகளை ஒட்டி வைத்திருந்தோம். சிவப்பு ஜெர்மனிக்கு, கறுப்பு ஜப்பானுக்கு. அவள் பொட்டுப் பெட்டியைத் தேடுவாள். நாம் இருவரும் வாயைத் திறக்க மாட்டோம்.

"அட்டையை நம்பாதை, வளையத்தைப் பார்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய். ஒரே அட்டை, ஒரே இலக்கம், ஒரே படமாக இருந்தாலும் அச்சுக்கூடம் மாறியிருக்கலாம், அதை வளையத்து எழுத்து மட்டும்தான் காட்டிக்கொடுக்கும் என்பாய். இன்னொரு சட்டமும் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தட்டை மாற்றுகிறவன் பொய் சொல்லக் கூடாது. முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பவனுக்கு வேறு என்ன பிடிமானம்? அது ஒன்றில்தான் அந்த விளையாட்டே நின்றது.

உண்மையைச் சொன்னால், நீ எப்போதும் சரியாகச் சொல்வது எனக்கு எரிச்சலாக இருந்தது. சின்ன வயதிலிருந்து மாதா கோயில் பாடகர் குழுவில் பாடினவன் நீ. இங்கேயும் ஞாயிறு தமிழ்ப் பூசையில் உன் குரல்தான் மற்றவர்களை இழுத்துப் பிடிக்கும். எனக்குப் பாதிதான் சரிவரும், அதுவும் குருட்டு வாக்கில். ஒரு நாளாவது உன் மூக்கை உடைக்க வேண்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு இருந்தேன். சிநேகிதனுக்குள்ளும் இப்படி ஒரு குரங்கு இருக்கும், என்ன செய்வது.

என் அறுபதாவது பிறந்தநாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. வீடு நிறைய ஆட்கள். அதற்கு முதல் கிழமை ஹரோவில் பழைய சாமான் விற்கும் ஒரு சரிட்டி கடையில் நீல நாற்காலி ஆல்பத்தின் இன்னொரு பிரதியைக் கண்டு எடுத்து வந்திருந்தேன். என்னிடம் ஏற்கெனவே இருந்ததோடு வைத்துப் பார்த்தேன். அதே அட்டை, அதே இலக்கம், தட்டின் மேல் அதே படம். வளையத்தைப் பார்க்கப் போனேன். வெள்ளிப் பூச்சில் ஒரு கலங்கல் மட்டும் தெரிந்தது. கண் மங்கத் தொடங்கி அப்போது ஒரு வருடம் இருக்கும். மனைவிக்கும் சொல்லவில்லை. சொன்னால் கார் ஓட்ட விடாமல் திறப்பை வாங்கி வைத்துவிடுவாள். எல்லாம் ஒன்றாகத்தானே இருக்கிறது, வளையம் மட்டும் என்ன வேறாக இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் உன்னைக் கதிரையில் இருத்தினேன். இரண்டு வேறு நாட்டு அச்சு என்று சொல்லி இரண்டு பிரதியையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். வந்திருந்தவர்களுக்கு விசயத்தைக் காதுக்குள் முன்பே ஊதியிருந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நீ கண்ணை மூடிக் கேட்டாய். மூன்றாம் பாட்டு வந்ததும் கையை உயர்த்தினாய்.

"இது வேறை. பாட்டுத் தொடங்க முன்னம் அந்தப் பிள்ளை மூச்சு இழுக்கிறது இதிலை கேக்குது. மற்றதிலை அதை வெட்டிப்போட்டாங்கள்."

அவ்வளவுதான், அறையே சிரித்தது. எல்லாரையும் விட நான் பெரிதாகச் சிரித்தேன். இரண்டும் ஒரே தட்டு மச்சான், ஒரே அச்சு, இல்லாத மூச்சு எங்கேயிருந்து உனக்குக் கேட்டது என்று கேட்டேன். நீ திரும்பிப் பார்த்தாய். சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை.

"வளையத்தைப் பாத்தனியே?"

"ஓம், பாத்தனான். ரண்டும் ஒண்டுதான்."

நீ எழுந்து வந்து பார்த்திருக்கலாம். பூதக்கண்ணாடி உன் பையில்தான் இருந்தது. நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன் என்றால் பார்த்ததுதான் உனக்கு. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கேக் வெட்டுங்கோ என்றாய். அன்றைக்கு மற்றவர்களுக்கு முன்னமே, வெள்ளெனப் போய்விட்டாய்.

அடுத்த சனி உனக்கு மூக்கடைப்பு, தடிமன் என்றாய். அதற்கடுத்த சனி கோயிலில் வேலை என்றாய். பிறகு நான் கேட்கவில்லை. ஒரு பகிடியைத் தாங்கத் தெரியாதவன், கோபம் ஆறினால் வரட்டும் என்று எனக்கு வீம்பு. தொலைபேசியில் காலநிலை, பிள்ளைகள், ஊரில் யார் செத்தது என்று கதைத்தோம். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. போன மாரியில் ஒரு காலைநேரம் உன் மனைவி அழைத்தார். வேலைக்கு வெளிக்கிட்டு, சப்பாத்துப் போடக் குனிந்தவர் எழும்பவில்லை என்றார்.

இப்போது இந்தப் புதுக் கண்ணால் அந்த இரண்டு வளையங்களையும் பார்த்தேன். ஒன்றில் இருக்கும் எழுத்து மற்றதில் இல்லை. வளையத்து இலக்கமும் வேறு. வேறு அச்சு. நம்பாமல் துடைத்துப் பார்த்தேன், யன்னலை மாற்றிப் பார்த்தேன். பிறகு இரண்டையும் போட்டுக் கேட்டேன். சரிட்டி கடைத் தட்டில், மூன்றாம் பாட்டுக்கு முன்னால், மூச்சு இழுக்கும் சத்தம் தெளிவாக இருக்கிறது. பழையதில் இல்லை. நான் அன்றைக்குப் பாட்டைக் கேட்கவேயில்லை மச்சான். உன் முகம் எப்போது கறுக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒருக்கால் தெரிந்துகொண்டு கேட்பதால்தான் எனக்குக் கேட்கிறதோ என்று சந்தேகம் வந்தது. முறையாகச் சோதிக்க நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தட்டையும் மேசையில் கலைத்துவிட்டு ஒன்றை எடுத்தேன். பழையதன் விளிம்பில் ஒரு கீறல் உண்டு, விரல் காட்டிக்கொடுத்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு எடுத்தேன், தட்டு கீழே விழுந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு இருக்க ஒருவன், பின்னால் நிற்க ஒருவன் என்று இரண்டு பேர் வேண்டிய வேலை அது. மகனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். போனிலேயே எல்லாப் பாட்டும் கிடக்கும்போது ஏன் அப்பா கஷ்டப்படுகிறீர்கள் என்றான். அன்பாகத்தான் சொன்னான். வைத்துவிட்டு யன்னலைப் பார்த்த கதிரையில் போய் இருந்தேன். பின்னால் ஒருவரும் இல்லை.

போன சனிக்கிழமை ரயில் ஏறி, நடுவில் மாறி, பார்க்கிங்குக்குப் போனேன். உன் மனைவியிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். உன் வீட்டில் சீடி இறாக்கை இருந்த இடத்தில் துணி காயவைக்கும் கம்பி நின்றது. நீ போன பிறகு கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக் கேட்டேன். இல்லையாம். என் பிறந்தநாள் முடிந்த கிழமையே நீயே பெட்டி பெட்டியாகக் கட்டிச் சரிட்டி கடைக்குக் கொண்டுபோனாயாம். காது பழுதாகிவிட்டது, இல்லாதது கேட்கிறது என்று சொன்னாயாம். சுருதி விலகிப் பாடிப் பூசையைக் குழப்பக் கூடாது என்று பாடகர் குழுவிலிருந்தும் விலகி, கோயிலின் கடைசி வரிசை வாங்கில் வாயை மூடிக்கொண்டு இருந்தாயாம். இரண்டு வருடமும். நான் அதைக் கோபம் என்று நினைத்தேன்.

"நான்தான் பிடிச்ச பிடியிலை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனனான்" என்றார் உன் மனைவி. "மெசினிலை வைச்சுப் பாத்து, இந்த வயசுக்கு அருமையான காது எண்டு எழுதிக் குடுத்தவை. இவர் நம்பேல்லை அண்ணை. மெசினுக்கு என்ன தெரியும், அவன் பாத்துச் சொன்னவன் எண்டிட்டார்."

பழுதாக இருந்தது என் கண். பழுது உன் காதில் என்று உன்னை நம்பவைத்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண் மங்கியது, வளையத்தைப் பார்க்காதது, பார்த்தேன் என்று சொன்னது, அந்தத் தட்டில் மூச்சு இருப்பது, ஒன்றையும் விடவில்லை. அவர் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்.

"இதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? அவருக்கெல்லே சொல்லியிருக்கோணும்."

அதனால்தான் எழுதுகிறேன் மச்சான். நான் வளையத்தைப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று பொய் சொன்னேன். இரண்டும் வேறு வேறு. நீ கேட்டது சரி. கடைசிவரைக்கும் உன் காது நன்றாகத்தான் இருந்தது, நீ பாடியிருக்கலாம்.

டொக்டரை நம்பாமல், மெசினை நம்பாமல், தன் காதையே நம்பாமல் என் சொல்லை மட்டும் நம்ப ஒருவன் இருந்திருக்கிறான். இன்றைக்கு நான் உண்மையைச் சொன்னாலும் அப்படி நம்ப இந்த லண்டனில் எனக்கு ஒருவரும் இல்லை.