சுருக்குமடி

கடப்பாக்கம் குப்பம்,
18-2-2007

அன்புள்ள தம்பி உலகநாதனுக்கு,

அக்கா அமிர்தவல்லி எழுதிக்கொண்டது. நீயும் வத்சலாவும் குழந்தை அம்முவும் நன்றாக இருக்கக் கங்கையம்மன் துணை நிற்கட்டும். இங்கே யாரும் நன்றாக இல்லை.

நேற்று சாயங்காலம் ஊர் கூடி உன்மேல் கட்டு போட்டுவிட்டார்கள். குப்பத்தில் யாரும் உன்னோடு பேசக்கூடாது, உன் வீட்டில் கை நனைக்கக்கூடாது, நல்லது கெட்டதற்கு உன்னைக் கூப்பிடக்கூடாது. போனில் பேசினாலும் அபராதம். எழுதக்கூடாது என்று மட்டும் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. நான் பத்தாவது வரை போனது இதற்காவது உதவட்டும். உன் மாமா பக்கத்தில்தான் வலை தைத்துக்கொண்டிருக்கிறார். "இன்னா எழுதினுகீற?" என்றார். "உன் மச்சானைத் திட்டி எழுதறேன்" என்றேன். "நல்லா திட்டு" என்று கடைக்குப் போய் ரீபிள் வாங்கி வந்து கொடுத்தார்.

நடந்ததைக் கேள். வெள்ளிக்கிழமை மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி வாரும் உன் சுருக்குமடி வலைப் படகுகள் நம் கரையில் மீன் இறக்கின. ஊர்ப் படகுகள் ஒரு மாதம் பாடுபட்டாலும் அவ்வளவு மீன் வராது. மீன் தராசுக்குப் போனது, லாரிக்குப் போனது. அம்மன் கூடை மட்டும் கொட்டவில்லை. உனக்கு மறந்திருக்கும், கல்பாக்கத்துக் குவார்ட்டர்ஸில் இதெல்லாம் ஏது? எந்தப் படகு கரை ஏறினாலும் முதல் கூடையைக் கங்கையம்மன் கல்லுக்கு முன்னால் கொட்டிவிட்டு ஆண்கள் எல்லாரும் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். கடலுக்குப் போக ஆள் இல்லாத வீட்டுப் பெண்கள் வந்து வேண்டியதை அள்ளிப் போவார்கள். யார் வந்தாள், எவ்வளவு அள்ளினாள் என்று ஒருத்தனும் பார்க்கமாட்டான். அப்பா கடலோடு போன பிறகு அம்மா அந்த மீனைக் கொண்டுவந்துதான் நமக்குச் சோறு போட்டாள்.

நீ என்ன செய்தாய்? கூடைக்குப் பதிலாகக் கவரில் பணம் வைத்து அனுப்பினாய். உன் கணக்குப்பிள்ளை கல்லுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினான். "விதவை காசியம்மாள்!" என்று கத்தினான். அவள் போய்க் கவரை அவன் வாயிலேயே திணித்துவிட்டாள். "யார்ரா நீ, என் தாலி அறுந்ததை ஏலம் வுடறதுக்கு?" உன் படகு ஆள் ஒருத்தன் அவளைத் தள்ளினான். நங்கூரத்தில் விழுந்து முன்பல் போய்விட்டது. நம் பையன்கள் சும்மா இருப்பார்களா? தள்ளியவனை மணலில் போட்டு மிதித்தார்கள். அவன் கூட்டாளி ஐஸ் கட்டி இழுக்கும் கொக்கியை வீசியதில் ஒரு பையனுக்குக் கன்னம் பல் தெரியக் கிழிந்து தொங்கியது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

வலையை எடுத்துவிடு, தம்பி. நல்ல விலைக்கோ கெட்ட விலைக்கோ தள்ளிவிடு. உன் மாமா இன்றைக்கு ரீபிள்தான் வாங்கினார். நாளைக்கு என்ன வாங்குவார் என்று எனக்கே தெரியாது.

உன் அக்கா,
அமிர்தவல்லி


கல்பாக்கம்,
27-2-2007

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காசியம்மாள் அத்தைக்கு நடந்ததைப் படித்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பெயரைக் கத்தியவனை அன்றே துரத்திவிட்டேன். ஆனால் கவர் அனுப்பியது என் யோசனை. அதை நான் மாற்றிச் சொல்லமாட்டேன்.

கூடையை மறந்துவிட்டேன் என்கிறாய். மறக்க முடிந்திருந்தால் கவரே அனுப்பியிருக்கமாட்டேன். அம்மா அள்ளி வந்த மீனில் எவ்வளவு கழுவினாலும் மணல் போகாது. ஆண்கள் திரும்பி நின்றார்கள், சரி. பிள்ளைகள் திரும்பி நிற்கவில்லையே, அக்கா. பள்ளிக்கூடத்தில் என்னைக் 'கூடைமீன்' என்றுதான் கூப்பிட்டார்கள். உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. அதனால்தான் மாதாமாதம் பணமாக, உரிமையாகப் போகட்டும் என்று நினைத்தேன். இங்கே நான் சம்பளம் வாங்கும்போது கையெழுத்துப் போடுகிறேன். அதில் எனக்கு அவமானம் இல்லை. அவர்களுக்கு மட்டும் ஏன் அவமானம்?

சுனாமிக்குப் பிறகு நம் ஜனம் லாரிக்குப் பின்னால் அரிசிப் பொட்டலத்துக்கு ஓடியதைப் பார்த்தேன். மாமாவும் ஓடினார். நல்ல படகுக்காரர், அண்ணாந்து கையேந்தி நின்றார். இனி என் குடும்பத்தில் ஒருத்தர் அப்படி நிற்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஏழையாக இருப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை.

வலை வத்சலா பெயரில் இருக்கிறது. அரசாங்க வேலையில் இருப்பவன் தொழில் நடத்தக்கூடாது, தெரிந்தால் வேலை போய்விடும். ஐஸ் கம்பெனி ஜானகிராமன் சார் பாதி முதல் போட்டிருக்கிறார். நினைத்தவுடன் வெளியே வர முடியாது. இந்த ஒரு சீசன் பொறுத்துக்கொள்.

மாமாவிடம் அடுத்த தடவை பச்சை மை ரீபிள் வாங்கச் சொல். கெஜட்டட் ஆபீசர் மாதிரி திட்டலாம்.

அன்புத் தம்பி,
உலகநாதன்


கடப்பாக்கம் குப்பம்,
12-4-2007

தம்பி உலகநாதனுக்கு,

பிள்ளைகள் திரும்பி நிற்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அது எங்கள் தப்புதான். பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும். அதற்காகக் கூடையையே தூக்கி எறிவாயா?

அம்மன் நம்மிடம் மீன் கேட்கவில்லை, தம்பி. கல் என்ன, மீனா தின்னும்? முதல் கூடையைக் கொட்டும்போது ஒரு மனுஷன், 'இது முழுக்க என் சாமர்த்தியம் இல்லை' என்று கடலுக்கு முன்னால் ஒத்துக்கொள்கிறான். எனக்குத் தெரிந்த சாமி அவ்வளவுதான். உன் மாமாவின் படகு நிறைந்தால் திரும்பிவிடும். உன் மடிக்கு நிறைகிற இடம் எது? குஞ்சு, சினை எல்லாவற்றையும் சேர்த்து வாரி, விலை போகாததைக் கோழித் தீவனத்துக்கு ஏற்றுகிறாய். கவர் கொடுத்தால் சரியாகிவிடுமா? எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் ஒரு அளவு இருந்தது. எடுப்பதில் அளவை அழித்துவிட்டு, கொடுப்பதில் மட்டும் கணக்கு வைக்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை கரையில் குவித்திருந்த உன் வலை எரிந்தது. எரித்தது உன் மாமா. உன்னிடம் மறைக்கமாட்டேன். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தார். காவலுக்கு இருந்தவன் அணைக்கப் போய், உருகின நைலான் அவன் கையில் ஒட்டிக்கொண்டது. உதறினான், தோலோடு வந்தது. அவன் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கு இரவு உன் மாமாவுக்கு நான் சோறு போடவில்லை.

அதோடு நின்றதா? செவ்வாய்க்கிழமை வேனில் ஆள் வந்து இறங்கினார்கள். எல்லார் கையிலும் இரும்புக் கம்பி. கரையில் கிடந்த படகுகளையெல்லாம் உடைத்தார்கள். உன் மாமாவின் தோள் எலும்பு இரண்டாகிவிட்டது. குறுக்கே போன என்னை ஒருத்தன் கொண்டையைப் பிடித்துத் தெரு நெடுக இழுத்தான். ஒரு கொத்து மயிர் அவன் கையோடு போய்விட்டது. இழுக்கும்போது என்ன சொன்னான் தெரியுமா? "உலகநாதன் அண்ணன் சொல்லிக்கீறாரு" என்றான்.

நீ சொன்னாயா? எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும்.

இன்னும் மூன்று நாளில் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். அதற்குள் வெளியே வந்துவிடு. தோள் கூடியதும் உன் மாமா சும்மா இருக்கமாட்டார். இப்போதே இடது கையால் வெட்டுக்கத்தியைச் சாணை பிடிக்கிறார்.

அமிர்தவல்லி


கல்பாக்கம்,
3-6-2007

அக்கா,

நான் சொல்லவில்லை. அம்மு தலைமேல் சத்தியம். ஆள் அனுப்பியது ஜானகிராமன் சார். உன்னைத் தொட்டார்கள் என்று தெரிந்ததும் அவர் ஆபீசுக்குப் போய் மேசைக் கண்ணாடியைக் குத்தி உடைத்துவிட்டு வந்தேன். கையில் இன்னும் கட்டு இருக்கிறது. "உன் வலையை எரிச்சவன் உனக்கு மாமனா இருக்கலாம், எனக்கு யாரு?" என்று கேட்டார்.

உன்னிடமும் கேட்கிறேன். எரிந்தது யாருடைய வலை? என் பத்து வருஷச் சம்பளம் அது. பற்ற வைக்கும்போது மாமாவுக்கு என் ஞாபகம் வரவில்லையா? அவர் படகு உடைந்தால் ஊரே அழுகிறது, என் வலை எரிந்தால் கைதட்டுகிறது. அளவோடு எடு, போதும் என்கிறாய். போதும் என்று சொல்வதற்காவது ஒருவனிடம் ஏதாவது இருக்க வேண்டாமா? எனக்கு இருந்ததெல்லாம் சாம்பலாகிவிட்டது. வத்சலாவின் நகை முழுவதையும் வைத்துப் புது வலை இறக்கியிருக்கிறேன். இந்தத் தடவை அதை விடமாட்டேன்.

ஒவ்வொரு படகிலும் ஒரு செல்போன் கொடுத்திருக்கிறேன். என்னைக் கேட்காமல் ஒரு விரல்கூட அசையக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மாமாவை அடக்கி வை. வலை பக்கம் வரவேண்டாம் என்று சொல். உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள், மிரட்டுகிறேன் என்று வைத்துக்கொள்.

உலகநாதன்


கடப்பாக்கம் குப்பம்,
2-8-2007

உலகநாதனுக்கு,

உன் மாமா கன்னியப்பன் போய் இன்றோடு பத்தாவது நாள். பதினாறாம் நாள் என் தாலி இறக்குகிறார்கள். அதற்குள் உன்னிடம் பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டும்.

உன் படகில் நம் ஊர்ப் பையன் ஒருத்தன் கூலிக்கு ஏறியிருந்தான். பஞ்சாயத்தில் வந்து நின்று, அம்மன் கல்லைத் தொட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். உன் மாமா வலையை அறுக்கத்தான் போனார். இல்லை என்று நான் சொல்லவில்லை. போகாதே என்று படகின் முனையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீர் வரைக்கும் போனேன். உதறிவிட்டுப் போனார். மடி சுருங்கும்போது அவர் படகு உள்ளே மாட்டிக்கொண்டது. அப்போது உன் படகு ஓட்டி உனக்குப் போன் போட்டான். "அண்ணே, கன்னியப்பன் மாமா படகு வலைக்குள்ள மாட்டிக்கினு கீது. கயித்த அறுக்கறாரு. இன்னா பண்ணட்டும்?" என்று கேட்டான். நீ "இழுத்து முடிங்க" என்றாய்.

இழுத்தார்கள். படகு கவிழ்ந்தது. அவர் மிதப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். பாரத்தில் வலை கிழிந்துவிடும் என்று ஒருத்தன் துடுப்பால் அவர் கையிலேயே அடித்தான். விடும்வரைக்கும் அடித்தான். குளிப்பாட்டும்போது நான் பார்த்தேன். விரல்கள் நசுங்கி, நகம் ஒன்றுகூட இல்லை. தோள் எலும்பு அப்போதுதான் கூடியிருந்தது.

போலீஸ் காகிதத்தில் தானாகத் தவறி விழுந்தார் என்று இருக்கிறதாம். சாட்சிக் கையெழுத்து உன்னுடையதாம்.

நேற்று ஊர்த் தலைவர் நாட்டார் வீட்டுக்கு வந்தார். "தாலி எறக்கற பொண்ணுக்குப் பொறந்த வூட்டுக் கோடிப் பொடவை வந்தாவணும்மா. அன்னிக்கு ஒரு நாளு கட்டு கிடையாது. அவன் வந்து போடட்டும், ஒருத்தனும் கை வைக்கமாட்டான்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்தேன். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். பயத்தில் சொல்லியிருப்பாய், கோபத்தில் சொல்லியிருப்பாய். வலை போய்விடும் என்ற நடுக்கத்தில் அந்த ஒரு நிமிஷம் புத்தி கெட்டிருப்பாய் என்று இந்தப் பத்து நாளும் உனக்காக என்னிடமே நான் வாதாடுகிறேன். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஊர் இதைக் கேட்கவில்லை, போலீசும் கேட்கவில்லை. அவரைச் சாகடித்து இழுத்த அந்த மடி மீனை என்ன செய்தீர்கள்?

கடலிலேயே கொட்டிவிட்டீர்கள் என்றால் புறப்பட்டு வா. கோடி கொண்டு வா. உன் கையாலேயே என் தோளில் போடு. மற்றதை நான் அம்மனிடம் சொல்லிக்கொள்கிறேன். பொய் மட்டும் எழுதாதே.

அமிர்தவல்லி


கல்பாக்கம்,
6-8-2007

அக்காவுக்கு,

கொட்டவில்லை.

நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போய் நான் போட்ட கையெழுத்து பொய் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். போனில் நான் சொன்னதையும் சொல்வேன். துடுப்பால் அடித்தவன் பெயர் எனக்குத் தெரியும். வேலை போகும், உள்ளே வைப்பார்கள். வத்சலா அம்முவைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இதையெல்லாம் நீ என்னை மன்னிப்பதற்காக எழுதவில்லை. பையன் சொன்னது எல்லாம் உண்மை. நீ கேட்டதற்கும் பதில் எழுதிவிடுகிறேன், கரை சேர்ந்ததுமே அவன் ஓடிவிட்டதால் அவனுக்கு இது தெரியாது.

அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டுக் கல்பாக்கத்துக் கரையில்தான் இருந்தேன். படகு வந்து சேர்வதற்கு முன்பே ஓட்டி மறுபடி கூப்பிட்டு, மாமா முங்கியவர் மேலே வரவில்லை என்று சொன்னான். படகு முழுக்கக் கானாங்கத்தை மீன். லாரி நின்றுகொண்டிருந்தது. ஜானகிராமன் சார், "ஐஸ் உருகுதுப்பா, ஏத்தலாமா வேணாமா?" என்றார். ஏற்றச் சொன்னேன். கடைசிக் கூடை ஏறும்வரை தராசுக்குப் பக்கத்திலேயே நின்று எடை பார்த்தேன். லாரி ரோட்டுக்கு ஏறிய பிறகுதான் அவரைத் தேடப் படகு அனுப்பினேன்.

அந்த நேரத்தில் அவருக்கு உயிர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

நான் வரவில்லை, அக்கா.

உலகநாதன்