பெயர் சொல்ல வேண்டாம் என்ற கட்டம்

மார்ச் 11, 2025, செவ்வாய்

இன்று ஏழு தடவை. ஏழு தடவையும் பாத்ரூமை பிளீச் ஊற்றிக் கழுவினேன். அத்தையின் குடலில் பொல்லாத கிருமி ஒன்று குடியேறி நாலு மாதம் ஆகிறது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது. இது மூன்றாவது முறை. எழுபத்தோரு வயது, நாற்பத்திரண்டு கிலோ. எல்லர்ஸ்லியில் இருக்கும் ஆபீசில் என் லீவெல்லாம் தீர்ந்துபோய் இப்போது வீட்டிலிருந்தே வேலை.

கழுவி முடித்து, கையை இரண்டு நிமிடம் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, "கஞ்சி வைக்கட்டுமா அத்தை?" என்றேன்.

"வேண்டாம்மா. ரிஷி வந்து வைப்பான். உன் சமையல் என் வயித்துக்கு ஒத்துக்கிடாது."

ரிஷியைக் கட்டி ஒன்பது வருஷம், ஒன்பது வருஷமும் இதே பதில். சாதி என்ற சொல்லை இந்த வீட்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை. வயிறு என்று சொல்லிக்கொள்கிறோம். அடுக்களை மூலையில் அவருக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், மூன்று பித்தளை டம்ளர். அவருடைய கக்கூஸை நான் தொடலாம். டம்ளரைத் தொடக் கூடாது. என் பெயரைக்கூட அவர் சொன்னதில்லை. "இந்தாம்மா"தான்.

மார்ச் 14, வெள்ளி

குடல் டாக்டர் ஒரு வழி சொன்னார். குடலுக்குள் இருக்கும் நல்ல கிருமிகளை ஆஸ்பத்திரியில் ஒரு குழுவே ஆராய்ந்துகொண்டிருக்கிறதாம். அவற்றுக்கும் சர்க்கரை நோய்க்கும் மனச்சோர்வுக்கும்கூடத் தொடர்பு இருக்கலாம், ஆனால் அதெல்லாம் இன்னும் தேடல்தான், அத்தையின் நோய்க்கு மட்டும் பலன் நன்றாகத் தெரிந்திருக்கிறது என்றார். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து வடிகட்டி நோயாளியின் குடலுக்குள் விடுவது. பயிர் செத்த வயலில் களை மண்டியிருக்கிறது, பயிரை மறுபடி நட வேண்டும் - அவ்வளவுதான்.

கொடுக்க ஆள் வேண்டும். ரிஷி ஜனவரியில் பல்லுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டவன், அவன் ஆகாது. "வீட்டில் வேறு யார்?" என்றார் டாக்டர்.

ரிஷி தரையைப் பார்த்தான். "நான் தர்றேன்" என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

பாஸாகிவிட்டேன்! ரத்தம், மலம், நூறு கேள்வி, எல்லாவற்றிலும். பத்துப் பேரைச் சோதித்தால் ஒருவர் தேறுவதே கஷ்டமாம். டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: அத்தையின் குடலில் மிச்சமிருக்கும் கிருமிகளில் பல என்னிடமும் இருக்கின்றன, ஒரே வீட்டில் வாழ்கிறவர்களுக்குள் அவை பரவிக்கொண்டேதான் இருக்கும் என்று. சிரித்துவிட்டேன். ஒன்பது வருஷத் தனி டம்ளர்! டாக்டருக்கு ஏன் சிரித்தேன் என்று புரியவில்லை.

வெளியே சாப்பிடக் கூடாது. மருந்து மாத்திரை கூடாது. கொடுத்தபின் இரண்டு மாதம் இந்தியா பக்கம் போகக் கூடாது, மறுபடி தேவைப்படலாம், அங்கே ஏதாவது தொற்றிக்கொண்டால் நான் ஆகாது.

தம்பி அகிலின் கல்யாணம் மே 11, தூத்துக்குடியில். டிக்கெட்டை ரத்து செய்தேன். அம்மாவிடம் ஆபீசில் லீவு இல்லை என்றேன். "சொந்தத் தம்பி கல்யாணத்துக்குக்கூடவா லீவு இல்ல?" போனை வைத்துவிட்டாள். என்ன சொல்வது அவளிடம்? எந்த வாயால் சொல்வது?

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆஸ்பத்திரி கார் பார்க்கில் ரிஷி இஞ்சினை அணைக்காமலேயே பேசினான். "யாரோ வெள்ளைக்காரர்னு சொல்லிடலாம் ஸ்வர்ணா. உன்னோடதுன்னு தெரிஞ்சா அம்மா வேண்டாம்னுடும். உசிரு முக்கியம்லா?"

உள்ளே நர்ஸ் நிருஜா, யாழ்ப்பாணத்துப் பெண், படிவத்தைக் காட்டினாள். "உங்கட பேரைச் சொல்ல வேண்டாம் எண்டா இந்தக் கட்டத்தில சரி போடுங்கோ அக்கா. அது உங்கட விருப்பம். ஒருத்தரும் கட்டாயப்படுத்தேலாது."

போட்டேன். நானே, என் கையால்.

ஏப்ரல் 9, புதன்

காலை ஆறரைக்கு டப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்து, கிளென் ஈடன் வீட்டிலிருந்து தனியாக ஓட்டிப் போனேன். மோட்டார்வேயில் நெரிசல். பின்னாலேயே ரிஷி அத்தையைக் கூட்டிவந்தான்.

"வெள்ளைக்காரரா? மாடு கீடு தின்பாரோ?" என்று கேட்டார் அத்தை.

"சுத்த சைவம்மா." என்ன சரளமாக வருகிறது அவனுக்கு!

வெள்ளைக்காரன் பீ ஒத்துக்கிடும். என் கஞ்சி ஒத்துக்கிடாது. த்தூ.

ஏப்ரல் 25, வெள்ளி

நின்றுவிட்டது. உண்மையாகவே நின்றுவிட்டது. அத்தை தோசை கேட்கிறார், ரிஷி சுடுகிறான், கருக்குகிறான். தினமும் காலையில் விளக்கேற்றிச் சத்தமாக வேண்டுகிறார்: "முகந்தெரியாத அந்த மகராசன் நல்லா இருக்கணும், முருகா." துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வெளியே நின்று கேட்கிறேன். கோயில் சிநேகிதி சரோஜாதேவியிடம் போனில் பெருமை வேறு: "சைவமாம், கேட்டியா! வெள்ளைக்காரன்லயும் நல்லவுக இருக்காக."

சொல்லிவிடலாமா? ரிஷி அடுக்களையிலிருந்து என்னையே பார்க்கிறான்.

மே 11, ஞாயிறு

இங்கே மத்தியானம் ஒரு மணி, அங்கே காலை ஆறரை, அகில் தாலி கட்டினான். துணி துவைக்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு, போனில் பார்த்தேன். அக்கா செய்ய வேண்டியதையெல்லாம் சித்தி மகள் செய்தாள். அம்மா கேமரா பக்கம் திரும்பவே இல்லை. தேம்பித் தேம்பி அழுதேன்.

வாயைத் திறந்தால் அத்தைக்கு ஆபத்து. திறக்காவிட்டால் எனக்கு. என் வாயை யாரும் பூட்டவில்லை, நானே பூட்டிச் சாவியைக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

மூத்திரத்தில் தொற்று என்று வேறொரு டாக்டர் அத்தைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டார். நட்ட பயிரும் செத்து எல்லாம் பழையபடி. இன்று ஒன்பது தடவை. இன்னொரு முறை செய்யலாம், அதே ஆள் என்றால் நல்லது என்கிறார் குடல் டாக்டர்.

"போன தடவை மாதிரியே செஞ்சிடலாம்" என்றான் ரிஷி.

"தர்றேன். அந்தக் கட்டத்துல சரி போட மாட்டேன். போன தடவை யாருதுன்னும் சொல்லச் சொல்வேன்."

"அம்மா வேண்டாம்னு சொல்லிட்டா? சாக விடப்போறியா?"

பிளீச்சை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். இந்தக் கேள்வியை அவன் தன்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை.

ஜூன் 5, வியாழன்

கொலைகாரி மாதிரி இருக்கிறது. இருந்தாலும் போட மாட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

கட்டத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன். நிருஜா அத்தை பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தைத் தமிழில் சொன்னாள். "அம்மா, தாறது உங்கட மருமகள் ஸ்வர்ணா. போன முறையும் அவாதான்."

ரிஷி கண்ணை மூடிக்கொண்டான்.

அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "தெரியும். கையெழுத்து எங்க போடணும்?"

தெரியுமாம்!

காரில் கேட்டேன். எப்போதிருந்து?

"அன்னைக்கே. ஐஸ் பெட்டியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நீ கார்ல ஏறுனதை ஜன்னல் வழியா பார்த்தேன்."

"அப்ப அந்த மகராசன்?"

அத்தை ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "விளக்கு முன்னால உன் பேரைச் சொன்னா, அப்புறம் உன் கையால சாப்பிடணும்லா. அதுக்கு எனக்கு மனசு வரலை."

அடிப்பாவி. தம்பி கல்யாணத்தை விட்டேன். அம்மாவிடம் பொய் சொன்னேன். இரண்டு மாதம் இந்த வீட்டில் திருடி மாதிரி நடந்தேன். எல்லாம் அவருக்குத் தெரிந்த ஒன்றை அவருக்குத் தெரியாமல் காப்பாற்றுவதற்கு!

ஜூன் 11, புதன்

கொடுத்தேன். ஐஸ் பெட்டியை அவர் கண் முன்னாலேயே எடுத்துப் போனேன்.

ஜூன் 20, வெள்ளி

மாதாரிகி, இந்த நாட்டுப் பழங்குடியினரின் புத்தாண்டு விடுமுறை. விடிந்ததிலிருந்து மழை. அத்தைக்கு ஐந்து நாளாக ஒன்றுமில்லை, சோபாவில் உட்கார்ந்து பேப்பர் பார்க்கிறார்.

கஞ்சி வைக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. மூலையில் இருந்த அவருடைய அடுப்பைப் பற்றவைத்தேன். அவருடைய பாத்திரத்தில் அரிசியும் பாசிப்பருப்பும் போட்டுக் குழையவிட்டேன். ரிஷி வாசலில் நின்று "ஸ்வர்ணா..." என்று இழுத்தான். "நகரு" என்றேன், நகர்ந்தான். மூன்று பித்தளை டம்ளரிலும் ஊற்றினேன். ஒன்றை அடுக்களை மேசையில் அத்தை இடத்தில் வைத்தேன், ஒன்றை ரிஷியிடம் கொடுத்தேன், மூன்றாவதை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டேன். அத்தை எழுந்து அடுக்களைக்குப் போனார். குடிக்கிறாரா என்று நான் பார்க்கவில்லை.

என் டம்ளரைக் காலி செய்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து, ஆகஸ்ட் பதினைந்துக்குத் தூத்துக்குடி போக டிக்கெட் போட்டேன். ஒரு மாதம். ரிஷியைக் கேட்கவில்லை.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"ஸ்வர்ணா, உப்பு பத்தலை."

"டப்பா உங்க பக்கத்துலதான் இருக்கு, அத்தை" என்றேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.