மந்திரித்த தண்ணீரும் என் வலது கண்ணும்

அன்புள்ள செலஸ்தீனாவுக்கு,

சர்வேசுரன் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். முழுக்க நானே எழுதியது! இதைப் போனில் சொன்னால் நம் மருமகள் காதில் விழுந்து உன்னைக் கேலி செய்வாள்.

துறைமுகத்தில் காவல் நிற்கையில் வலது கண்ணில் தூசி விழுந்து சிவந்தது. போன திருநாளில் நீ பாட்டிலில் கொடுத்த மந்திரித்த தண்ணீரைத்தான் தினமும் விட்டேன். வலி கூடியது.

கண் டாக்டரம்மா, "தாத்தா, கண்ணுல எதுவும் விட்டீயளா?" என்றார். உன்னைக் காட்டிக்கொடுக்காமல், "ஒண்ணும் விடலம்மா" என்றேன். கருவிழியைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "இது தண்ணில வளருத அமீபாவாக்கும். பொய்யா சொல்லுதிய?" என்று அதட்டினார். பயப்படாதே, சீக்கிரம் கண்டுபிடித்ததால் பார்வை தப்பும் என்கிறார்.

நீயும் அதே தண்ணீரைத்தானே கண்ணில் விடுகிறாய்? இனி வேண்டாம், முல்லைச் செடிக்கு ஊற்று. கண் சிவந்திருந்தால் உடனே பஸ் ஏறி வா. சிவக்காவிட்டாலும் வா.

உன்,
சூசைமிக்கேல்