எழுபத்து மூன்றாம் ஆமையின் வயிறு

இசபெலா தீவு

ஜூலை 9

மறுபடியும் கொய்யா விதை. எழுபத்து மூன்றாம் நம்பர் ஆமை என் பட்டிக்கு வந்து பதினெட்டு நாள். சாணத்தைக் கரைத்து வடிகட்டினேன், பதினொரு விதை. வடக்குத் தீவில் இவள் இனமே அற்றுப்போயிற்று. இவள் போனால்தான் அங்கே மறுபடி முட்டை. ஆனால் வயிற்றோடு ஒரு விதை போய் முளைத்தாலும் கொய்யா அந்தத் தீவையே மூடிவிடும். விதை நின்றால்தான் பயணம். படகு ஆகஸ்ட் இரண்டு.

கூட வேலை செய்யும் வில்மர் வானத்தைத் திட்டினான். "வெயிலே காணோம் நெல்வா அக்கா. உடம்புல சூடு ஏறாம அது வயிறு எப்படி வேலை செய்யும்?"

ஜூலை 15

தூறல். இன்னும் ஏழு விதை. சந்தோஷப்பட்டேன். இதை யாரிடம் சொல்வது?

ஜூலை 19

இந்த ஞாயிறும் குவாயாகில் நகரத்திலிருந்து மகள் கூப்பிடவில்லை. பட்டியில் உட்கார்ந்து ஆமையிடம் பேசினேன். கழுத்தை நீட்டிக் கேட்கிறாள். கேட்கிறாள் என்று நானே வைத்துக்கொண்டேன்.

ஜூலை 24

மூன்று நாளாக நல்ல வெயில். கருங்கல்லின் மேலேயே கிடக்கிறாள், ஓடு கையைச் சுடுகிறது. தின்றதெல்லாம் மளமளவென்று வெளியே வருகிறது. விதை ஒன்றே ஒன்று.

ஜூலை 25

கொடுத்துவிட்டேன். ஒரு கொய்யா, என் கையாலேயே. சீ, என்ன ஜென்மம் நான்?

ஜூலை 31

தூறல் திரும்பிவிட்டது. கொடுத்த கொய்யா இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. வில்மர் தாளோடு வந்தான், முகமெல்லாம் சிரிப்பு.

"அஞ்சு நாளா சுத்தம்க்கா. கையெழுத்துப் போடுங்க, ஏத்திடலாம்."

பேனாவை வாங்கினேன். போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கை வரவில்லை.

"உள்ள ஒரு கொய்யா இருக்கு வில்மர். நாந்தான் குடுத்தேன்."

தாளை மடித்துப் பையில் வைத்தான். "ஏன்க்கா?"

"போயிடுவாளே..."

ஆகஸ்ட் 3

நேற்று படகு இவள் இல்லாமல் போயிற்று. என்னைப் பட்டியிலிருந்து எடுத்து வாசல் காவலில் போட்டுவிட்டார்கள். நியாயம்தான்.

ஆகஸ்ட் 16

கொய்யா வந்துவிட்டதாம். எண்பத்து நாலு விதை. இந்த முறை பத்து நாள் சுத்தமாக இருக்க வேண்டுமாம், அடுத்த படகு செப்டம்பர் பன்னிரண்டு.

செப்டம்பர் 12

காலையில் இவளை லாரியில் ஏற்றினார்கள். வாசல் கதவை நான்தான் திறந்துவிட வேண்டியிருந்தது, என் வேலை அது. லாரி நிற்கவில்லை. திரும்பி வந்த வில்மர் மத்தியானம் வீட்டில் மீன் சூப் இருக்கிறது, வாங்க என்றான். இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். பட்டியைக் கழுவிவிட ஆள் இல்லை என்றார்கள். நான் போய்க் கழுவினேன்.