நடுக்கொல்லை

ஜெயங்கொண்டம்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் தமிழழகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மேகலாவும் பேத்தியும் அங்கே நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நேற்று போனில் உன் குரலைக் கேட்டே தெரிந்துகொண்டேன், இங்கே எங்களுக்கும் ஒரு குறையும் இல்லை. உன் அப்பாவுக்கு மட்டும் மழை ஈரத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது, தைலம் தேய்த்துவிட்டேன், இப்போது நடக்கிறார். தினமும் பேசுகிறோமே, இந்த அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. இன்றைக்கு அவர் உரம் வாங்க டவுனுக்குப் போயிருக்கிறார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இங்கே நல்ல மழை. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, தாயைவிடக் கன்றுக்குக் குறும்பு அதிகம். உன் அத்தை மகள் லாவண்யா பெரம்பலூரில் நர்சிங் இரண்டாவது வருஷம் போய்விட்டாள், வாரக் கடைசியில் வந்து எல்லாருக்கும் பிரஷர் பார்த்துவிட்டுப் போகிறாள், எனக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாள். நீயும் அங்கே ஊறுகாயை அள்ளித் தின்னாதே. கரண்டு இப்போதெல்லாம் அவ்வளவாகப் போவதில்லை, மழைக்குத்தான் நிற்கிறது, இதை எழுதும்போதும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துக் கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் சொல்ல வந்தது நடுக்கொல்லை விஷயம். பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது, தோண்டிக் கரண்டு எடுக்கப்போகிறோம் என்று நீ பிறப்பதற்கு முன்னால் நம் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள் அல்லவா, தோண்டவும் இல்லை, கரண்டும் வரவில்லை. நாம்தான் அதே கொல்லையில் முந்திரி பொறுக்கிக்கொண்டு, பட்டா மட்டும் நம் பேரில் இல்லாமல் இருந்தோம். பட்டா இல்லாததால் கிணற்றுக்குக் கரண்டு கனெக்ஷன்கூட வாங்க முடியாமல் டீசல் இன்ஜினை வைத்து இறைத்ததை நீ பார்த்து வளர்ந்தவன்தான். நிலத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி, நம் பேருக்குப் பட்டா மாறி வந்த அன்றைக்கு உன் அப்பா வீட்டுக்குக்கூட வராமல் நேராகக் கொல்லைக்குப் போய் நின்றார். கோர்ட்டுக்கு அலைந்து தேய்ந்த மனுஷன். அதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உன்னிடம் மறைத்து வைத்திருக்கிறார்.

ஆடி மாசத்தில் சோலார் கம்பெனியிலிருந்து முத்தமிழ்செல்வன் என்று ஒரு பையன் வந்தான். பெரம்பலூர்ப் பக்கத்துப் பையன், மரியாதை தெரிந்தவன், எல்லாரையும் ஐயா, அம்மா என்றுதான் பேசினான். நம் கொல்லை, உன் அத்தை பஞ்சவர்ணத்தின் கொல்லை, கருப்பண்ணன் கொல்லை, இன்னும் சுற்றிலும் உள்ளதெல்லாம் சேர்த்து நீண்ட குத்தகைக்கு எடுத்து சோலார் பலகை போடப்போகிறார்களாம். நிலம் நம் பேரிலேயே இருக்கும், வருஷா வருஷம் குத்தகை வரும் என்றான். ஆனால் நிலம் தொடர்ச்சியாக இருக்க வேண்டுமாம், நடுவில் ஒருவர் கொடுக்காவிட்டால் யாருடையதும் வேண்டாமாம். நடுவில் இருப்பது நம்முடையதுதான். முதலில் உன் அப்பாவும் ஆர்வமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், பலகைக்குக் கீழே ஆடு மேய்க்கலாமா என்றுகூடக் கேட்டார். அந்தப் பையன் உற்சாகத்தில், “இது மாரி ஊருக்கு ஊரு வந்துட்டா நெலக்கரி எரிக்கிற பிளான்ட்டையெல்லாம் ஒண்ணொண்ணா மூடிடலாங்க ஐயா, பொகையே இருக்காது” என்று சொன்னான். அதோடு உன் அப்பா வாயை மூடியவர்தான். அவன் போன பிறகு நான் கேட்டதற்கு, “நான் குடுக்கல” என்ற ஒரே வார்த்தை.

ஊரில் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். இத்தனை வருஷம் போராடி வாங்கிய மண்ணை விட மனசில்லை என்று சிலர் சொன்னார்கள், வீம்பு என்று சிலர் சொன்னார்கள். பால் சொசைட்டி வாசலில் எல்லார் முன்னாலும் கருப்பண்ணன், “ஒங்க ஒருத்தரால எல்லாருக்கும் நின்னு போவுது மாமா, என்னான்னு வாயத் தொறந்தாவது சொல்லுங்க” என்று கேட்டான், இவர் கேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு அதைவிட உன் அத்தையை நினைத்துத்தான் கஷ்டமாக இருந்தது. உன் மாமா போனதிலிருந்து அவள் முந்திரிக்கொட்டை உடைத்துத்தான் லாவண்யாவைப் படிக்கவைக்கிறாள், கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு உள்ளங்கையெல்லாம் கறுத்துத் தோல் உரிந்து கிடக்கிறது, சாதம் பிசைந்தால் எரிகிறது என்று ஸ்பூனில் சாப்பிடுகிறாள். குத்தகை வந்தால் அந்த வேலையை விட்டுவிடலாம் என்று இருந்தவள். அண்ணனிடம் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை, வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். ஆடிப் பெருக்குக்கும் வரவில்லை, விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினேன், பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்பினாள், அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் கொல்லைக்குக் கஞ்சி கொண்டுபோனேன். உன் அப்பா வரப்போரம் மண்டிக்கிடந்த கருவேலத்தை வெட்டிக்கொண்டிருந்தார். கஞ்சியைக் குடித்துவிட்டுத் தூக்கைக் கீழே வைத்தவர், என் முகத்தைப் பார்க்காமலே, “சிந்தாமணி, அங்க ஒடிசாவுல பையன் வேல பாக்குற நெலக்கரி பிளான்ட்ட மூடிட்டா அவன் எங்க போவான்?” என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவே இல்லை. எந்த பிளான்ட், யார் மூடுகிறார்கள் என்றேன். “அந்தத் தம்பி சொன்னான்ல, நீயுந்தான நின்ன. நம்ம கொல்லையில பலகைய நட்டு எம் புள்ள அடுப்ப நானே அணைக்கணுமா?” என்றார். தமிழழகா, மண்ணு ஆசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று நானும்தான் நினைத்திருந்தேன், கட்டின பெண்டாட்டி எனக்கே தெரியவில்லை. ஏங்க, நம்ம கொல்லை வெயில் ஒடிசா வரைக்கும் போயி அவன் அடுப்பை அணைக்குமா, இதென்ன பேச்சு என்று கேட்டேன். “இன்னிக்கு நம்ம கொல்ல, நாளைக்கு எல்லாக் கொல்லையும்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் அரிவாளை எடுத்துக்கொண்டார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பும் தெரியவில்லை.

என்னால் அதை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை, நேராகப் பஞ்சவர்ணத்திடம் போய்ச் சொன்னேன். கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவள் கட்டையைக் கீழே போட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு என்னோடு நம் வீட்டுக்கு வந்தாள். அவரிடம், “அண்ணே, தமிழழகன் எனக்கும் புள்ளதான். அவனுக்குக் கெடுதல்னா எனக்கு இந்தக் குத்தகையே வாணாம், நான் கொட்ட ஒடச்சே பொழச்சிக்கிறேன். ஆனா அவன ஒரு வார்த்த கேட்டியா?” என்றாள். கேட்கவில்லை என்றார். ஏன் என்று அவள் விடவில்லை. “கேட்டா அவன் என்னா சொல்லுவான்? குடுங்கப்பான்னுதான் சொல்லுவான். அத்தை கஷ்டம் தீருமேன்னு சொல்லுவான். அப்பறம் அங்க ஒக்காந்து கவலப்படுவான்” என்றார். உன்னை அவர் சரியாகத்தான் கணித்திருக்கிறார். அத்தை அடுப்படிக்குப் போய் அண்ணனுக்குத் தட்டு வைத்து அவளே சோறு போட்டாள். அன்றிலிருந்து பழையபடி வந்துபோகிறாள், குத்தகைப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அது அவள் கேட்டதைவிட உன் அப்பாவை அதிகமாக உறுத்தியது என்று நினைக்கிறேன். சாப்பிடும்போதெல்லாம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு தானாகவே கருப்பண்ணன் வீட்டுக்குப் போனார். கருப்பண்ணன் கொல்லை கிழக்கே ஓடைக்கரையில் ஓரமாக இருக்கிறது, பாதிக்குமேல் சுக்கான் பாறை, அளவிலும் நம்முடையதைவிடக் கொஞ்சம் குறைச்சல். அவனிடம், “என் நடுக்கொல்லைய நீ எடுத்துக்க, ஓடக்கர கொல்லைய எனக்கு மாத்திக் குடு. நீ குத்தகைக்கு விட்டுக்க, தொடர்ச்சிதான அவங்களுக்கு வேணும்” என்றிருக்கிறார். கருப்பண்ணன் நம்பவில்லை, இதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து என்னிடம் ஓடிவந்து, “அத்த, மாமாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த மண்ணுக்காக அத்தனை வருஷம் கோர்ட் வாசலில் நின்றாரோ அதையே கொடுத்துவிட்டுப் பாறையை வாங்கிக்கொள்கிறேன் என்கிறாரே என்று உன் அப்பாவிடம் கோபப்பட்டேன். அதற்கு அவர், “எங்கையால அதுக்குக் கையெழுத்துப் போட முடியாது. அதுக்காவ மத்தவங்க சோத்துல குறுக்க நிக்கவும் முடியாது. எனக்கு வேற வழி தெரியல சிந்தாமணி” என்றார்.

புரட்டாசியில் ரெஜிஸ்டர் ஆபீசில் மாற்றி எழுதி முடித்தாயிற்று. அத்தையும் கருப்பண்ணனும் மற்றவர்களும் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டார்கள், மண் காய்ந்து தை மாசத்துக்குமேல் வேலை தொடங்குமாம். இந்த சீசனோடு கொட்டை உடைப்பதை விடுகிறேன் என்று அத்தை சொல்லியிருக்கிறாள், நான் இப்போதே விடச் சொல்கிறேன். உன் அப்பா ஓடைக்கரையில் பாறை இல்லாத பக்கமாகக் குழி தோண்டி ஒட்டு முந்திரிக் கன்று வைத்திருக்கிறார், மழையில் எல்லாம் துளிர்த்துவிட்டன. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் மனுஷன் தெளியவில்லை. முந்தாநாள் நடுக்கொல்லையில் கம்பெனி ஆட்கள் அளக்க வந்தார்கள், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் தடுமாறினார்கள். ஓடைக்கரையில் நின்றிருந்த உன் அப்பா போய்ப் பிடித்துக்கொண்டார், கடைசிவரை அவர்களோடு சேற்றில் நடந்து எல்லைக்கல்லையெல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். வந்து காலைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து, “அவனுக்கு இப்ப என்னா ஷிப்டு?” என்று கேட்டார். காலை ஷிப்ட் என்றேன். “அடுப்பு எரியுதுல்ல?” என்று கேட்டார்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஸ்பீக்கரை எடுத்துவிடச் சொல்லிப் பேசு. உங்கள் பிளான்ட்டை மூடுவார்களா, மூடினால் எப்போது, மூடினால் நீ என்ன செய்வாய், வேறு எங்கே போவாய், உனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல். எனக்கு ஆறுதலுக்காக எது சொன்னாலும் நான் நம்பிக்கொள்வேன், அவரிடம் அது நடக்காது, உன் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார். நிலத்தை ஏன் மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்காதே, நான் எழுதினேன் என்று தெரிந்தாலும் பரவாயில்லை, ஆனால் கேட்காதே. கன்று துளிர்த்ததா என்று கேள், அவர் மணிக்கணக்காகச் சொல்வார், கேட்டுக்கொண்டிரு.

கரித்தூளில் நிற்கும்போது மூக்குக்குத் துணி கட்டாமல் நிற்காதே, மேகலாவிடம் நான் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பேத்திக்குக் குளிர் தொடங்குமுன் ஸ்வெட்டர் வாங்கிவிடு. ஊர் மாரியம்மன் உன்னையும் உன் குடும்பத்தையும் உன் கைத்தொழிலையும் காக்கட்டும், எந்த ஊரில் எந்த வேலை செய்தாலும் நீங்கள் மூன்று பேரும் ஒரு வீட்டில் ஒன்றாகச் சாப்பிடும்படி இருக்க வேண்டும், எனக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. அவர் பைக் சத்தம் கேட்கிறது, இத்தோடு மடிக்கிறேன்.

என்றும் உன் நினைவாக இருக்கும் அம்மா,
ந. சிந்தாமணி